விடியுமுன் வந்த நேற்று

நிந்தவூர் றிஸ்லாவை அந்தப் பக்கத்து வயல்காரர்களில் பாதிப்பேர் நேரில் கண்டதில்லை. ஆனால் கோடைச் சாகுபடியான சிறுபோகம் தொடங்கிவிட்டால் அவள் அனுப்புகிற குறுஞ்செய்தி வராமல் ஒருவரும் மண்வெட்டியைத் தோளில் வைப்பதில்லை. "இன்று உங்கள் தண்ணீர் முறை" என்று ஒரே ஒரு வரி. அது விடிவதற்கு முன்பே கைத்தொலைபேசிக்கு வந்துவிட வேண்டும். சுபஹு தொழுதுவிட்டு வருகிறவர் அதைப் பார்ப்பார். காரைதீவில் வாசல் தெளிக்க எழும்புகிற வீட்டிலும் அதைப் பார்ப்பார்கள். பிறகுதான் வாய்க்காலுக்குப் போவார்கள்.

மாரியில் தண்ணீருக்கு ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. சிறுபோகத்தில் குளத்து நீர் அளந்துதான் வரும். வாய்க்காலின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு நாள். இன்று இவர் வயல், நாளை அவர் வயல். எந்த நாள் யாருக்கு என்று முன்கூட்டியே முறை போட்டுத் தாள் ஒட்டுவார்கள். ஆனால் குளத்தில் எவ்வளவு திறப்பார்கள் என்பது முதல் நாள் மாலையில்தான் உறுதியாகும். முறை தள்ளிப் போவதும் உண்டு. அதனால் ஒட்டிய தாளை ஆட்கள் நம்புவதில்லை. செய்தியைத்தான் நம்பினார்கள்.

அந்தச் செய்தியை அனுப்புவது ஒரு விவசாயிகள் சங்கம். காரைதீவுச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு உரக்கடையின் மாடியில் அதன் அலுவலகம்; கந்தோர் என்பார்கள். நிந்தவூர் முஸ்லிம் வயல்காரர்களும் காரைதீவுத் தமிழ் வயல்காரர்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறவர்கள் என்பதால் சங்கமும் ஒன்றுதான். றிஸ்லா அங்கே எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். உயர்தரம் முடித்துவிட்டுக் கல்முனையில் ஒரு கணினி வகுப்புக்குப் போனவள். வகுப்பு முடிவதற்குள் கலியாணம் பேசிவிட்டார்கள். கணவன் ஸலாஹுதீன் முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்கிறவன். மகள் ஸம்றாவுக்கு மூச்சிழுப்பு. இவற்றுக்கு நடுவில் கிடைத்த வேலை அது. தேநீர் போடுவதும் கடிதம் தட்டச்சுச் செய்வதுமாகத்தான் அவளுடைய முதல் இரண்டு வருடங்கள் போயின.

பிறகு ஒரு திட்டத்தின் கீழ் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுக்கப் பாண்டிருப்பிலிருந்து ஜதுசன் என்ற இளைஞன் வந்தான். பிஎச்பி என்கிற கணினி மொழியில் அவன் எழுதுவதை றிஸ்லா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தாள். முதலில் சும்மா பார்த்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். "இந்த வரிய எடுத்தா என்ன நடக்கும்?" என்று கேட்பாள். அவன் எடுத்துக் காட்டுவான். பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிடும். இருவரும் சிரிப்பார்கள். வேலை முடிந்து ஜதுசன் கனடாவுக்குப் போனபோது அந்தத் தளத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஆள் சங்கத்தில் அவள் ஒருத்திதான். தெரியும் என்றால் முழுக்கத் தெரியும் என்று இல்லை. பிழை வந்தால் அந்த ஆங்கில வரியை அப்படியே எடுத்துத் தேடலில் போட்டு, வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒருவாறு சரிக்கட்டிவிடுவாள். அந்தச் சரிக்கட்டலில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லி விளங்கப்படுத்த முடியாத ருசி.

முதல் ஒரு போகம் முழுவதும் செய்தியை அவள் கையால்தான் அனுப்பினாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புவாள். தொலைபேசியில் தளத்தைத் திறந்து ஒரு பொத்தானை அமத்துவாள். யாருக்கு இன்று முறையோ அவர்களுக்குச் செய்தி போய்விடும். பாண் எடுக்கப் போகும் ஸலாஹுதீனுக்கும் அதே நேரம்தான் விழிப்பு. இருவரும் ஒரே விளக்கில் தேநீர் குடிப்பார்கள்.

அடுத்த சிறுபோகத்தில்தான் அது நடந்தது. ஸம்றாவுக்கு இழுப்புக் கூடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஆவி பிடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்த றிஸ்லா கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். தொலைபேசியில் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அன்று தண்ணீர் வீணாகவில்லை. ஆட்கள் எப்படியோ ஒருவரையொருவர் கேட்டுப் போய்விட்டார்கள். ஆனால் ஏச்சு வாங்கியது அவள்.

"இது ஒரு ஆள்ட நித்திரையில தொங்கிற வேலையா இரிக்கப்படா," என்று அன்று ஸலாஹுதீன் சொன்னான். "மெசின்தானே? மெசினையே அனுப்பச் சொல்லேலாதா?"

சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியாது. அந்தக் கிழமை முழுவதும் தேடிப் படித்தாள். தளம் இருக்கும் கணினி வாடகைக்கு எடுத்தது, எங்கோ இருக்கிறது. அதற்குள் நேரடியாக நுழைந்தால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் கட்டளையை எழுத்தாகத் தட்டினால் அது செய்யும். பொத்தானும் இல்லை, படமும் இல்லை. அந்தக் கட்டளையை "ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு நீயே ஓட்டு" என்று கணினியிடம் ஒப்படைக்கவும் முடியும். அவள் பொத்தானுக்குப் பின்னால் இருந்த பிஎச்பி வரிகளை எடுத்துத் தனிக் கோப்பில் வைத்தாள். பகலில் கந்தோரிலிருந்து கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். அன்றைய முறைக்காரர்களின் பெயர்கள் பிழையில்லாமல் வந்தன. மறுநாளும் பார்த்தாள். சரி. அதற்கு அடுத்த நாளும் சரி. பிஸ்மி சொல்லி வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தாள்.

முதல் நாள் விடியற்காலை அவள் வழக்கம்போல விழித்துக்கொண்டாள். பழகிய உடம்பு. ஆனால் எழும்பவில்லை. குறுஞ்செய்தி அனுப்பிக்கொடுக்கும் கொம்பனியின் தளத்தில், சங்கத்துக் கணக்கில் செய்திகள் போய்விட்டதாகக் காட்டியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கந்தோர்ப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் காரைதீவுப் புண்ணியமூர்த்தி. அறுபது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். காலில் காய்ந்த சேறு.

"தங்கச்சி, மெசேஜ் போடுற புள்ள நீங்கதானா?"

"ஓம் ஐயா. இருங்க."

"இருக்க வரல்ல. இண்டைக்கு எண்ட முறை எண்டு தாள்ல கிடந்தது. விடியக்குள்ள போனப் பாத்தன், ஒண்டும் வரல்ல. முறை தள்ளிட்டு எண்டு நினைச்சி வீட்டோட இருந்துட்டன். மனம் கேக்காம இப்ப வயலுக்குப் போறன், தண்ணி முழுக்க நிஸாம்ட வயலுக்குப் பாயுது. நேத்தும் அவருக்குத்தானே பாஞ்சது?"

றிஸ்லா திரையைப் பார்த்தாள். நேற்றுத்தான் நிஸாமின் முறை. இன்று புண்ணியமூர்த்தியின் முறை. திரையில் அப்படித்தான் இருந்தது.

"நிஸாம் உங்களுக்கு ஆரு?" என்று அவர் கேட்டார்.

"சாச்சா," என்றாள் அவள். வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

புண்ணியமூர்த்தி வாசல் பக்கம் திரும்பினார். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு படியிறங்கினார். ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று அவள் பிறகு ஸலாஹுதீனிடம் சொன்னாள்.

சாச்சாவுக்கு உடனே அழைப்பு எடுத்தாள்.

"மெசேஜ் வந்திச்சி மகள். அதுதான் துறந்து உட்டன்," என்றார் அவர்.

"நேத்தும் வந்ததுதானே சாச்சா?"

"ஓம், நேத்தும் வந்திச்சி. இண்டைக்கும் வந்திச்சி. நீதானே போடுறாய்?"

அவசரமாக, தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையைப் பிடித்து, நிஸாமின் வரப்பில் தண்ணீர் பாய வெட்டியிருந்த வக்கடையை அடைத்துப் புண்ணியமூர்த்தியின் பக்கம் திருப்பினார்கள். ஆனால் பின்னேரம் மேலே மதகை மூடிவிட்டார்கள். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில், கொஞ்சம் மேடு. வந்த தண்ணீர் பள்ளத்து வரவை என்கிற வயல்துண்டை நனைத்ததோடு நின்றது. அடுத்த முறைக்குப் பத்து நாளுக்கு மேல் கிடந்தது. வெள்ளாமையோ குடலைப் பருவம். கதிர் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் நெல் மணி பிடிக்காது, பதராகிப் போகும்.

கதை வாய்க்கால் தண்ணீரை விட வேகமாகப் பரவியது. நிந்தவூரில் ஸலாஹுதீனின் பாண் வண்டியை மறித்து ஒருவர், "என்ன, உண்ட பொஞ்சாதி சாச்சாக்குத் தண்ணி காட்டுறாளாமே," என்று சிரித்தார். காரைதீவுப் பக்கம் சிரிக்கவில்லை. "அவங்க அவங்கட ஆக்களத்தானே பாப்பாங்க" என்றார்கள். அந்த வசனம்தான் றிஸ்லாவைச் சுட்டது. வேலை தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இயந்திரத்திடம் கொடுத்த வேலையை அன்றே பறித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மீண்டும் கையால் பொத்தான். பொத்தானை அமத்தினால் எல்லாம் சரியாகப் போனது. அதுவே அவளுக்கு எதிராக நின்றது. "இப்ப மட்டும் எப்பிடிச் சரியாப் போகுது?" என்று சங்கத்திலேயே ஒருவர் கேட்டார். அவள் பகலில் கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். இந்த முறை செய்தி ஒன்றும் போகாதபடி, பெயர்களை மட்டும் திரையில் காட்டும்படி மாற்றியிருந்தாள். ஒவ்வொரு முறையும் சரியான பெயர்களே வந்தன. வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். முறை அட்டவணையில் இன்றைய திகதி எங்கே இருக்கிறதோ அந்தப் பெயர்களை எடு, அனுப்பு. அவ்வளவுதான். பிழை வர இடமே இல்லை.

"நீ செய்யாத பிழைய ஏன் தேடித் தேடி மூளையப் போட்டு உடைக்காய்?" என்று ஸலாஹுதீன் ஒரு நாள் கேட்டான்.

"நான் செய்யல்ல எண்டு எனக்கே தெரியாதே," என்றாள்.

அப்படி அலைந்த ஒரு நாள், கந்தோரிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கறுப்புத் திரையின் கட்டளையை இவ்வளவு நாளும் பகலிலேயே பரிசோதித்திருக்கிறாள். பிழை நடந்ததோ விடியற்காலையில். அது நடந்த நேரத்தில் அதை ஒருமுறையும் செய்து பார்க்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு எழும்பி வழக்கமான செய்தியைப் பொத்தானில் அனுப்பினாள். பிறகு கந்தோரிலிருந்து எடுத்து வந்திருந்த மடிக்கணினியைத் திறந்து கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். பெயர்கள் வந்தன.

அத்தனையும் நேற்றைய பெயர்கள்.

பாணுக்குப் புறப்பட்ட ஸலாஹுதீன் வாசலில் நின்று, "என்ன, அழுறியா?" என்றான்.

"இல்ல, காக்கா. புடிச்சிட்டன்," என்றாள். கலியாணத்துக்கு முன்பு ஒரே தெருவில் இருந்தபோது கூப்பிட்ட வழக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவனை அவள் இன்னும் காக்கா என்றே கூப்பிடுவாள்.

இப்போது என்ன நேரம் என்று பிஎச்பியையே கேட்டுப் பார்த்தாள். சுவர் மணிக்கூட்டில் விடியற்காலை. திரையிலோ முதல் நாள் இரவு பத்தரை தாண்டியிருந்தது. கணினியின் மணிக்கூடு சரியாகத்தான் இருந்தது. அது நான்கு மணிக்குச் சரியாக எழுப்பியும் விட்டிருக்கிறது. எழும்பிய பிஎச்பிதான் வேறு நாட்டு நேரத்தில் இருந்தது. ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கிறீனிச் நேரம். அதற்கு இன்னும் நேற்று முடியவில்லை. அதனால் நேற்றைய ஆட்களைத் தேடி எழுப்பியிருக்கிறது. பகலானதும் அங்கேயும் திகதி மாறிவிடும். பெயர்கள் தானாகச் சரியாகிவிடும். விடிந்தால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஆனால் பொத்தானை அமத்தும்போது மட்டும் ஏன் சரியான நேரம்? பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் அதே பிஎச்பிதானே?

கனடாவில் அப்போது மாலை. ஜதுசனுக்கு அழைப்பு எடுத்தாள். பின்னால் வாகன இரைச்சல் கேட்டது.

"அக்கா, சொல்லுங்க. இந்நேரம் எழும்பிட்டீங்களா?"

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, ஒரு கட்டளை சொல்றன், அடிங்க. பிஎச்பி எந்த செட்டிங் பைலப் படிக்குது எண்டு அதுவே காட்டும்."

அவள் தட்டினாள். ஒரு நீண்ட பாதை வந்தது. வாசித்தாள்.

"கடைசிக்குக் கிட்ட சிஎல்ஐ எண்டு கிடக்கா?"

"ஓம், கிடக்கு."

"அய்யோ அக்கா. அது வேற பைல். வெப்சைட் பாவிக்கிற பைல் ஒண்டு, கறுப்புத் திரையில ஓட்டக்குள்ள பாவிக்கிற பைல் இன்னொண்டு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், வேற வேற இடத்தில கிடக்கும். நான் வெப்சைட்டுக்குரியதில மட்டும்தான் எங்கட நேரத்தப் போட்டன். மத்ததத் தொடவே இல்ல. அந்த நேரம் கறுப்புத் திரையில ஓட்டுற வேலை ஒண்டும் இருக்கல்லையே."

"அப்ப நான் பகல்ல பாத்ததெல்லாம் சும்மாவா?"

"சும்மா இல்ல அக்கா. ஆனா பாத்த நேரம் பிழை. என்னையும் ஏசுங்க. ஒரு வரி எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாம்."

அவளுக்கு அவனை ஏச மனம் வரவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சநேரத்தில் அந்தப் பிஎச்பிக்கும் திகதி மாறிவிடும். அதன் பிறகு திருத்தினாலும் திருந்தியதா என்று இன்று பார்க்க முடியாது. அவசரமாக அந்தக் கோப்பைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான வரிகள். நேர வலயம் என்ற வரியைத் தேடிப் பிடித்தாள். வரி இருந்தது. ஆனால் அதன் முன்னால் ஒரு அரைப்புள்ளி. அந்தக் கோப்பில் அரைப்புள்ளி போட்டுத் தொடங்கும் வரியை பிஎச்பி வாசிக்காது. இல்லாததுபோலக் கடந்து போய்விடும். வரியின் மறுமுனையும் வெறுமையாகத்தான் கிடந்தது. அவள் அரைப்புள்ளியை அழித்தாள். வெறுமையாகக் கிடந்த இடத்தில் ஆசியா, கொழும்பு என்று அது கேட்கும் விதத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். கோப்பைச் சேமித்து மீண்டும் கட்டளையைத் தட்டினாள்.

இன்றைய பெயர்கள் வந்தன.

அவள் எழும்பிப் போய்த் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்தாள். சுபஹுத் தொழுகையில் நெற்றி நிலம் தொடும் ஸுஜூதில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிட்டாள்.

சங்கத் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். அதனாலேயே எதையும் மெல்லமாக மூடிவிடப் பார்ப்பவர்.

"சரி மகள், புடிச்சிட்டாய்தானே, நல்ல விசயம். வெள்ளிக்கிழம கழிய மீட்டிங். அதில நான் எழும்பி, மெசேஜ் கொம்பனியில ஒரு பிழை நடந்திட்டு, இப்ப சரி எண்டு சொல்லிர்றன். முடிஞ்சி."

"கொம்பனி சரியாத்தான் அனுப்பினது ஹாஜியார். நாம குடுத்த நம்பருக்கு அனுப்பினது."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ள, நீ எழும்பி எண்ட பிழை எண்டு சொன்னா, சாச்சாக்குத் தண்ணி குடுத்தது நீதான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரித்தான் எடுப்பானுகள். பொறகு உன்ன வேலையில வச்சிருக்க என்னால ஏலாமப் போகும்."

அவள் வீட்டுக்கு வந்து இதை ஸலாஹுதீனிடம் சொன்னாள். உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்தக் கந்தோரும் அந்தக் கணினியும் போய்விட்டால் அவளுக்கு வேறு ஒரு இடம் இல்லை. ஸலாஹுதீன் வண்டியின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு," என்றான். "கொம்பனி எண்டு சொன்னா ஆரும் நம்பப் போறல்ல. நான் காரைதீவுக்குள்ள பாண் விக்கப் போறவன். ஆக்கள்ட முகத்தப் பாக்கிறது நான்."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில். வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், வாங்குகளில் நிரம்பியிருந்தார்கள். றிஸ்லா ஓரத்தில் அறிக்கைத் தாள்களோடு இருப்பது வழக்கம். அன்று ஹாஜியார் பேச எழும்புவதற்கு முன் அவள் எழும்பினாள்.

"புண்ணியமூர்த்தி ஐயாக்கு அண்டைக்கு மெசேஜ் போகாதது கொம்பனியில பிழை இல்ல. எங்கட கந்தோர்ல நடந்த பிழை. நான்தான் மெசினுக்கு வேலையக் குடுத்தன். அதுக்கு எங்கட நேரத்தச் சொல்லிக் குடுக்கணும். குடுத்தாச்சி எண்டு நினைச்சன், குடுபடல்ல. அது வெளிநாட்டு நேரத்தப் பாத்திரிக்கி. எங்களுக்கு விடிஞ்சாலும் அதுக்கு நேத்துத்தான். அதனாலதான் நேத்தைய ஆக்களுக்கே திரும்ப மெசேஜ் போயிரிக்கி. சாச்சாக்கு மட்டும் இல்ல. நேத்தைய முறைக்காரர் எல்லாருக்கும் போயிரிக்கி. அண்டைய ஆக்கள் ஆருக்கும் போகல்ல; மத்தவங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டு வயலுக்குப் போயிட்டாங்க. வேணுமெண்டா போனப் பாருங்க."

மண்டபம் சலசலத்தது. இரண்டு மூன்று பேர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். "ஓம், எனக்கும் ரெண்டு தரம் வந்திரிக்கி," என்று ஒரு குரல். "நான் அண்டைக்குக் கல்முனைக்குப் போயிட்டன், கவனிக்கல்ல."

பின் வாங்கில் இருந்த ஒருவர், "அது சரிதான்," என்றார். "எண்ட மகன் லண்டன்ல. நான் சுபஹுக்கு எழும்பி கோல் எடுத்தா அவன் இன்னும் படுக்கவே இல்ல வாப்பா எண்டுவான். அவனுக்கு இன்னும் நேத்து முடியல்ல." அதைக் கேட்டு மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு அங்கே குறைவு. நேர வலயம் என்ற சொல் விளங்காதவர்களுக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

புண்ணியமூர்த்தி நடு வரிசையில் இருந்தார். எழும்பினார்.

"தங்கச்சி சொல்றது எனக்கு விளங்குது. எழும்பி நிண்டு சொன்னதும் பெரிய விசயம். நானும் ரெண்டொரு இடத்தில தப்பாக் கதைச்சிட்டன். அத விட்டுருவம். ஆனா எனக்கு விளங்கி என்ன செய்ற? எண்ட வெள்ளாமைக்கு விளங்காதே. மேட்டு வரவை வெடிச்சிப் போய்க் கிடக்கு."

றிஸ்லா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்காருவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அப்போது நிஸாம் சாச்சா இருமிக்கொண்டு எழும்பினார். அவர் கூட்டங்களில் பேசுகிறவர் இல்லை.

"ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ரெண்டு நாள் முறை வாறது இல்ல எண்டு எனக்குத் தெரியும். ஒரு கோல் எடுத்துக் கேட்டிரிக்கலாம். கேக்கல்ல. தண்ணி வாற நேரம் ஆரு கேப்பான்? அதான் உண்மை. நாளைக்கு மறுகா எண்ட முறை. அடுத்த நாள் அவர்ட முறைதான், ஆனா வெடிச்ச வயலுக்கு ஒரு நாள் தண்ணி காணாது. எண்ட வயல் நனைஞ்சி கிடக்கு. புண்ணியமூர்த்தி எடுக்கட்டும். எனக்கு வேணாம்."

"முழுசா வேணாம்," என்றார் புண்ணியமூர்த்தி. "விடியத்திலிரிந்து மத்தியானம் மட்டும் தாங்க, காணும். உங்களுக்கும் குடலைதானே."

வட்டவிதானை அந்த இடத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். ஹாஜியார் தான் சொல்ல வந்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்திருப்பார் போலும். "அப்ப அடுத்த விசயம், யூரியா," என்று தொடங்கிவிட்டார்.

நிஸாம் விட்டுக்கொடுத்த அந்த நாளுக்குரிய செய்தியை இயந்திரமே அனுப்பட்டும் என்று றிஸ்லா தீர்மானித்தாள். ஆனால் செய்தியில் ஒரு மாற்றம் செய்தாள். "இன்று" என்பதோடு கிழமையும் திகதியும் சேர்ந்து வரும்படி எழுதினாள். இனி இயந்திரம் பிழை விட்டாலும் ஆட்களுக்குத் தெரியவரும். விடியற்காலை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். நான்கு மணிக்குச் செய்தி போனது. யார் யாருக்கு என்று பார்த்தாள். காரைதீவுப் புண்ணியமூர்த்தி, அன்றைய திகதி.

தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, மெசேஜ் வந்திட்டு. இது சரியான மெசேஜ்தானே?"

"ஓம் ஐயா. சரியானது. போங்க."

அறுவடையில் அவருடைய மேட்டு வரவையின் ஒரு மூலை பதராகத்தான் போனது. வெட்டும் இயந்திரம் அந்த மூலைக்குள் இறங்கியபோது தூசிதான் கூடுதலாகப் பறந்தது. மற்றதெல்லாம் விளைந்தது. கந்தோருக்கு ஒரு வேலையாக வந்தபோது இதை அவரே சொன்னார்; குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு தன் முறை வருகிற ஒவ்வொரு விடியலிலும் அவளை அழைத்துக் கேட்காமல் அவர் வயலுக்குப் போனதில்லை. திகதி இருக்கிறதே ஐயா என்று சொல்லிப் பார்த்தாள். "திகதி கிடக்கு. ஆனா நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை," என்றார். அவளுக்கு அது சலிப்பாகவும் இருந்தது, உள்ளுக்குள் இதமாகவும் இருந்தது. அழைப்பை எடுக்காமல் விட்டதில்லை.

வேலை போகவில்லை. பெயரும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எல்லோரிடமும் இல்லை, நிந்தவூரில் ஒருவர் இன்னும் அவளைக் கண்டால் "சாச்சாட தண்ணி எப்பிடி?" என்று கேட்பார். அவள் "நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

அந்த மாரிக்கு முன் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு சங்கத்தார் அவளைத் தேடி வந்தார்கள். தங்களுக்கும் இதுபோல ஒன்று செய்து தர வேண்டும் என்றார்கள். ஸலாஹுதீன் பாண் வண்டியைப் பின்னேரம் ஓய்வாக்கி, பாட்டை நிறுத்தி, அவளையும் ஸம்றாவையும் ஏற்றிக்கொண்டு சம்மாந்துறை வழியாகப் போனான். அங்கே ஒரு சின்ன அறையில் அவர்களுடைய கணினியின் முன் அவளை இருத்தினார்கள். சுற்றி வயல்காரர்கள் நின்றார்கள். அவள் கறுப்புத் திரையைத் திறந்து, முதலில் பிஎச்பி எந்தக் கோப்பை வாசிக்கிறது என்று கேட்டாள். பிறகு என்ன நேரம் என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினாள்.

ஒருவர் குனிந்து திரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் கதிர் முற்றினால் யானை இறங்கும். விடிய விடியக் காவல் இருப்பவர் போல, கண் சிவந்திருந்தது.

"மிஸ், ஆன வந்தாலும் இதில மெசேஜ் வருமா?"

"அதுக்கு ஆன முறை போட்டு வரணுமே காக்கா," என்றாள் றிஸ்லா.

அறை முழுவதும் சிரித்தது. கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். உள்ளே இருந்து யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். ஸம்றா ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று ஊதி ஊதிக் குடித்தாள்.